குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்ததும் தெருவுக்கு நாலு பேர் மாலை போடுவார்கள். அதில் தினமும் குவார்ட்டர் அடித்துக்கொண்டிருந்தவர் ஒருவராவது இருப்பார். மாலை போட்ட அன்றே கை நடுங்கும். "வெறும் வயிறு, அதான்" என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டாம் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இருக்காது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வீட்டில் இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையைப் பார்த்து யாரென்று கேட்பார். தெருவே கூடி ஆளுக்கொன்று சொல்லும். சாமி வந்திருக்கிறது, விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது, காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது.

வந்திருப்பது ஒரு நோய். அதற்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. மருந்து கொடுக்காமல் விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

குடியைப் பற்றிய நம் பேச்செல்லாம் ஈரல், குடும்ப மானம், மன உறுதி என்று மூன்றைச் சுற்றியே நிற்கிறது. நிறுத்தும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பேசுவார் இல்லை. பல வருடம் தினமும் குடித்தவருக்கு, திடீரென நிறுத்திய முதல் ஐந்து நாள் குடித்த நாட்களைவிட ஆபத்தாக இருக்கலாம்.

ஒரு குவார்ட்டரில் எவ்வளவு இருக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு என்பதால் எடையில் ஏறத்தாழ 61 கிராம்.

ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது சுமார் 7 முதல் 10 கிராம். ஒரு குவார்ட்டர் முழுதாகத் தீர ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகும். எலுமிச்சைச் சாறோ, மோரோ, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோ இந்த வேகத்தைக் கூட்டாது. "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லி பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் அதில் 41 கிராம் இருக்கிறது. அப்படி இரண்டு பாட்டில் குடித்தால் ஒரு குவார்ட்டரைத் தாண்டியாயிற்று.

இந்தக் கணக்கு காலை நடுக்கத்தை விளக்கிவிடும். இரவு ஒன்பது மணிக்குக் கடைசி குவார்ட்டரை முடித்தவருக்கு விடிகாலையில் ரத்தத்தில் ஆல்கஹால் தீர்ந்துகொண்டிருக்கும். டீ கிளாஸைப் பிடித்தால் டீ ததும்பிச் சிந்துவதும், இரண்டு கையாலும் பிடித்து வாயைக் கிளாஸுக்குக் கொண்டுபோவதும் அந்த நேரத்தில்தான். ஒரு கட்டிங் உள்ளே போனால் அரை மணியில் கை நின்றுவிடும். அவர் அதைக் குடித்தது போதைக்காக இல்லை. உடம்பு மருந்து கேட்பதுபோல் கேட்கிறது. வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு அடையாளத்தைச் சொல்லச் சொன்னால், இந்தக் காலைக் கட்டிங்கைத்தான் சொல்ல வேண்டும்.

கயிறு இழுக்கும் போட்டி

பொங்கலுக்கு நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியை மனதில் கொள்ளுங்கள். மூளையில் எந்நேரமும் இரண்டு அணிகள் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று நரம்புகளை அடக்கி அமைதியாக்கும் அணி. அதன் முக்கிய ரசாயனத்துக்குக் காபா என்று பெயர். மற்றது நரம்புகளைக் கிளப்பிவிடும் அணி. அதன் ரசாயனம் குளுட்டமேட். இரண்டும் சம பலத்தில் இழுப்பதால்தான் நாம் விழித்திருந்தும் பதறாமல் இருக்கிறோம்.

ஆல்கஹால் உள்ளே போனதும் காபா அணியோடு சேர்ந்து இழுக்கும், குளுட்டமேட் அணியின் கையையும் தளர்த்தும். கயிறு அமைதிப் பக்கம் சாய்கிறது. பயம் விட்டுப்போகிறது, பிறகு நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, தூக்கம் வருகிறது.

எப்போதாவது குடிப்பவருக்குக் கதை அதோடு முடிந்தது. தினமும் குடிப்பவரின் மூளை சும்மா இருக்காது. ஒரு பக்கம் தினமும் வெளியாள் வந்து இழுத்தால், எதிர்ப்பக்கமும் ஆள் சேர்க்கத்தானே வேண்டும்? மூளையும் அதைத்தான் செய்கிறது. குளுட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைக் கூட்டுகிறது, காபா ஏற்பிகளை மந்தமாக்குகிறது. ஏற்பி என்பது நரம்பணுவின் மேலுள்ள ஒரு பூட்டு. அதற்குரிய ரசாயனம் வந்து சாவியாகப் பொருந்தினால் நரம்பணு வேலை செய்யும்.

இப்போது பழைய அளவு குடித்தால் கயிறு நகராது. இதுதான் தாங்குதிறன். "அவன் ஆஃப் அடிச்சாலும் ஸ்டெடியா வண்டி ஓட்டுவான்யா" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது பலம் இல்லை, நோயின் முதல் அறிகுறி.

அடுத்தது, ஆல்கஹால் இருந்தால்தான் கயிறு நடுவில் நிற்கும் என்ற நிலை. இதற்குச் சார்பு என்று பெயர். அந்த வெளியாள், அதாவது ஆல்கஹால், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை விட்டுவிட்டால்? மொத்த அணியும் எதிர்ப்பக்கம் போய் மல்லாந்து விழும். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தூக்கம் ஓடிவிடும், சிலருக்கு வலிப்பே வரும். இவற்றுக்கு மொத்தமாக விலகல் அறிகுறிகள் என்று பெயர். சேர்த்த கூடுதல் ஆட்களை மூளை திருப்பி அனுப்ப ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். ஆபத்தெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: ஆல்கஹால் மூளையை அடக்குகிறது, மூளை எதிர்த்து இழுக்கப் பழகுகிறது, ஆல்கஹால் திடீரென இல்லாமல் போனால் அந்த எதிர் இழுப்பு மட்டும் மிஞ்சுகிறது. மன உறுதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இது ஒன்றுபோலத்தான் நடக்கும்.

கடைசிக் கிளாஸிலிருந்து மணிக்கணக்கு

ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், குமட்டல், வியர்வை, காரணமில்லாத பயம் தொடங்கும். இதோடு நின்றுபோகிறவர்கள் பலர்.

வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடும். முதல் 24 மணி நேரத்தையொட்டி வருவது அதிகம். இதற்கு முன் வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரலாம். இதே சமயத்தில் சிலருக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கும். ஆனால் தான் எங்கே இருக்கிறோம், எதிரே இருப்பது யார் என்ற தெளிவு இருக்கும்.

அந்தத் தெளிவு போவது மூன்றாம் நாள் வாக்கில். 48 மணி நேரத்துக்குப் பிறகு, நாலாம் நாள் வரைக்கும் வரலாம். மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள், வார்டில் சுருக்கமாக டிடி. நடுக்கத்தோடு வரும் சித்தக் குழப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் அடிக்கும், நாடி எகிறும். போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுவார். சிலர் தங்கள் தொழிலையே காற்றில் செய்வார்கள். கொத்தனார் இல்லாத கரண்டியால் இல்லாத சுவரைப் பூசுவார், டிரைவர் கட்டிலில் உட்கார்ந்தபடி ஸ்டியரிங்கை ஒடித்துக் கியர் போடுவார். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம், சில வீடுகளில் வீடியோகூட எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் இதயமும் உடம்பின் உப்புச் சமநிலையும் தள்ளாடிக்கொண்டிருக்கும். சரியான மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று ஆஸ்பத்திரிச் சிகிச்சையில் ஐந்துக்கும் கீழே.

பகலைவிட இரவில் குழப்பம் கூடும். "பகல்ல நல்லா பேசினாரே" என்று நம்பி ராத்திரி தனியாக விட்டுவிடாதீர்கள்.

"போன வருஷம் ஒண்ணும் ஆகலையே?"

ஆகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு முறை திடீரென நிறுத்தி மறுபடி தொடங்கும்போதும் மூளையின் கிளர்ச்சி ஒரு படி கூடுகிறது. ஒரு முறை எரிந்த சுள்ளி அடுத்த முறை சட்டென்று பற்றிக்கொள்வதுபோல. முதல் தடவை நடுக்கத்தோடு போனது, நாலாவது தடவை வலிப்பாக வரலாம். வருடா வருடம் மாலை போட்டு நிறுத்தி, மலையிலிருந்து இறங்கிய மறுநாளே தொடங்குகிறவருக்கு இது அப்படியே பொருந்தும்.

மாலை போடாமலும் வரும்

நிறுத்தம் எப்போதும் விரும்பி நடப்பதில்லை. பைக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆபரேஷனுக்குச் சேர்க்கிறார்கள். எலும்பு வார்டில் மூன்றாம் நாள் டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து ஓடப் பார்க்கிறார். மயக்க மருந்தின் விளைவு என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்கள். சேர்க்கும்போது "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்ட டாக்டரிடம், கௌரவம் கருதி "எப்பவாவது" என்று சொன்னதுதான் வினையாகியிருக்கும். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற இரண்டையும் உள்ளபடி சொன்னால் முதல் நாளே தடுப்பு மருந்து தொடங்கிவிடலாம்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கடைகள் மூடியபோது நாடு முழுக்க ஒரே நாளில் இந்தக் கட்டாய நிறுத்தம் நடந்தது. கேரளத்தில் அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் அளவாக மது தரலாம் என்று உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தவர்கள் இறந்தார்கள். வெறும் ஆசைக்காக ஒருவன் ஷேவிங் லோஷனைக் குடிப்பானா என்று யோசித்தால், விலகல் அறிகுறியின் பலம் புரியும்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகுமா?

தளர்ந்து கிடப்பவரைப் பார்த்ததும் நம் முதல் வேண்டுகோள் இதுதான்: "டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க." இதில் ஒரு கண்ணி இருக்கிறது.

நெடுநாள் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிடும் கொஞ்சத்திலும் வைட்டமின் பி1-ஐக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. இதன் இன்னொரு பெயர் தயமின். தவிட்டிலும் கைக்குத்தல் அரிசியிலும் இருப்பது, பட்டை தீட்டிய வெள்ளை அரிசியில் போய்விடுவது. உடம்பில் இதன் கையிருப்பு மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

மூளை குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். அடுப்புக்கு விறகு குளுக்கோஸ் என்றால், தீக்குச்சி தயமின். தீக்குச்சி ஒன்றிரண்டுதான் மிச்சம் என்ற நிலையில் வண்டி விறகை இறக்கினால், இருந்ததும் தீர்ந்துபோய் மூளையின் சில பகுதிகள் கருகத் தொடங்கும். இதுதான் வெர்னிக்கி நோய். 1881-இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கியின் பெயர். குழப்பம், கண்மணி தானாகத் துடிப்பது அல்லது எல்லாம் இரண்டாகத் தெரிவது, காலை அகட்டித் தள்ளாடி நடப்பது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. குடிக்காதபோதும் தள்ளாடினால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் புதிய ஞாபகம் எதுவும் பதியாத நிலைக்குப் போய்விடும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், சாப்பிடாத இட்லியைச் சாம்பார் மணத்தோடு விவரிப்பார். பொய் சொல்லவில்லை, காலி இடத்தை மூளை தானாக நிரப்புகிறது. இதில் முழுதாகத் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

தடுப்பதோ மிக மலிவு. குளுக்கோஸுக்கு முன்போ, குறைந்தபட்சம் அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போட்டால் போதும். பக்கத்துக் கிளினிக்கில் டிரிப்ஸ் போடும்போது "தினமும் குடிக்கிறவர், பி1 ஊசி போட்டீங்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நடப்பது

கயிற்றை விட்டுவிட்டுப் போன ஆளுக்குப் பதிலாக, அதே பக்கத்தில் கட்டுப்பாட்டோடு இழுக்கும் ஒருவரை நிறுத்தி, தினம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல்கிறார்கள். டையசெபாம், குளோர்டையஸெபாக்சைடு போன்ற மருந்துகள் காபா ஏற்பியோடுதான் வேலை செய்கின்றன. முதல் நாள் முழு அளவு, பிறகு தினமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஒரு வாரத்துக்குள் நிறுத்துவது வழக்கமான முறை. ஈரல் கெட்டவர்களுக்கு லோரசெபாம் கொடுப்பார்கள், அதை வெளியேற்ற ஈரல் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கூடவே தயமின், நீர்ச்சத்து, தாது உப்புகள், அமைதியான வெளிச்சமான அறை.

"தூக்க மாத்திரைதானே" என்று இவற்றை மெடிக்கலில் வாங்கி வீட்டிலேயே கொடுப்பது வேறு கதை. இந்த மாத்திரைமேல் குடியும் சேர்ந்தால் அடக்கும் அணியில் இரட்டை ஆள். மூச்சே அடங்கிவிடும். மாத்திரை புதிய அடிமைத்தனமாகவும் மாறலாம்.

எல்லோரும் படுக்கையில் சேர வேண்டியதில்லை. லேசான நடுக்கம் மட்டும் உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், மருத்துவரிடம் தினமும் போய்வந்தே முடித்துவிடலாம். முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், சர்க்கரை, இதயம், ஈரல் நோய் உள்ளவர், வயதானவர், கர்ப்பிணி, தனியாக இருப்பவர் ஆகியோர் சேர்ந்துதான் ஆக வேண்டும்.

சுருக்கம் இதுதான்: விலகல் என்பது ஒரு வாரச் சிகிச்சை. முறை தெளிவானது, மருந்துகள் பழையவை, மலிவானவை, அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பவை.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

"அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இப்படிக் கலக்கப்படும் மருந்துகளில் முக்கியமானது டைசல்ஃபிரம். 1940-களில் டென்மார்க்கில் இதன் குணம் தெரியவந்தது. ஈரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷப்பொருளாக்கி, பிறகு அதை வினிகரில் உள்ள அமிலமாக மாற்றும். டைசல்ஃபிரம் இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. குடித்த சில நிமிடங்களில் விஷப்பொருள் தேங்கி முகம் சிவக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்திருப்பதால் வரும் தயக்கம்தான் இந்த மருந்தின் வேலையே.

தெரியாமல் கொடுத்தால் தயக்கத்துக்கு இடமே இல்லை, விஷம் மட்டும்தான் வேலை செய்யும். இதய நோய் உள்ளவர் வழக்கம்போல ஆஃப் அடித்தால் கடை வாசலிலேயே உயிர் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை மருந்தின் வேலை உடம்பில் இருக்கும். அவருக்குச் சொல்லி, ஒப்புதல் வாங்கி, ஈரலும் இதயமும் பரிசோதித்துக் கொடுத்தால் இதே மாத்திரை நல்ல துணை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போல் குடிக்கும் உந்துதலைக் குறைக்கும் மருந்துகளும் உள்ளன.

நடுக்கம் நின்ற பிறகு

ஒரு வாரம் கழிந்து "சரியாயிட்டார்" என்று கூட்டிவருவார்கள். உடம்பின் சார்புதான் போயிருக்கிறது. பழக்கத்தின் சுவடு இன்னும் இருக்கிறது. டோபமின் என்ற ரசாயனத்தை இன்பத்தின் ரசாயனம் என்று சொல்வதுண்டு. "இது முக்கியம், மறக்காதே" என்று மூளையில் அடிக்கோடு போடும் பேனா என்றால் இன்னும் பொருத்தம். சனிக்கிழமைக் கூலி, கடைத் திருப்பம், வறுத்த மீன் வாசனை, சண்டை முடிந்த இரவு, எல்லாவற்றிலும் அடிக்கோடு போட்டிருக்கிறது. எதிர்ப்பட்டால் உந்துதல் எழும். அது பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைச் சாப்பாடு, நடை, ஒரு ஃபோன் என்று கடத்தப் பழக்குவதுதான் ஆலோசனைச் சிகிச்சையின் பெரும்பகுதி. கூலியை மனைவியின் கணக்குக்கு நேரே போட ஏற்பாடு செய்வதும் சிகிச்சைதான்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுகிறோம், ஆளை விரட்டுவதில்லை. இதற்கும் அப்படித்தான்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை

காலை நடுக்கம் உள்ளவரிடம் "இன்னையோட நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் கரண்டி, தண்ணீர் கூடவே கூடாது. 108-ஐ அழையுங்கள். குழப்பம், காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாமை இருந்தாலும் 108தான். கோயிலுக்குப் போவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஆலோசனைக்கு 14446 தேசிய போதை மீட்பு எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். தனியார் மீட்பு மையம் என்றால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மருத்துவர் எந்நேரம் வருவார் என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். அடித்துத் திருத்துகிறோம் என்கிற இடத்தில் மூன்றாம் நாள் வலிப்பு வந்தால் பார்க்க ஆள் இருக்காது.

மாலை போடுகிறவர் ஐப்பசி மூன்றாம் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடட்டும். ஒரு வாரத்தில் மருந்து முடிந்துவிடும். கார்த்திகை முதல் தேதி குருசாமி மாலையை நீட்டும்போது, வாங்கும் கை நடுங்காது.